மலையில் ஏது கொசு? விடுமுறைக்குக் கிளம்புமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கிவிட்டால் சிங்கப்பூரில் நம்மவர்கள் பலர் ஏதாவதொரு மலையைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் என்றால் கேமரன் மலை, கெந்திங். ஊர்ப்பக்கம் என்றால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, நுவரெலியா. கையில் கொஞ்சம் தாராளமாக இருந்தால் சுவிட்சர்லாந்து. எங்கே போனாலும் பெட்டி கட்டும்போது ஒரு பேச்சு வரும்: "மலைக்குத்தானே போறோம், கொசு மருந்து எதுக்கு?" இங்குள்ள கேள்விகள் எல்லாம் அந்தப் பேச்சைச் சுற்றி வருபவைதான்.

எத்தனை மீட்டருக்கு மேலே போனால் கொசு இருக்காது?

அப்படி ஒரு கோடு கிடையாது. கொசுவை அடக்குவது குளிர்; உயரம் அந்தக் குளிரைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். சுமாராக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 28 டிகிரியை ஒட்டியிருக்கிறது. கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 18, 19 டிகிரி வரும். அங்கே உண்மையான சராசரியும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்தப் பத்து டிகிரி கொசுவுக்குப் பெரிய விஷயம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, சிங்கப்பூர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் 16 டிகிரியில் இருந்தால் அதே வேலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் தண்ணீர் வற்றிவிடலாம், யாராவது வாளியைக் கவிழ்த்துவிடலாம், மீன் தின்றுவிடலாம். அதனால் மேலே போகப்போக எண்ணிக்கை குறைகிறது. ஆனால் அடியோடு இல்லாமல் போவதில்லை. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 2,200 மீட்டரிலேயே இதே எஜிப்தியைப் பிடித்திருக்கிறார்கள். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். இதை வைத்து ஊட்டியிலும் எஜிப்தி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம், இரவில் எவ்வளவு குளிர்கிறது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் மலையில் நம்மைக் கடிப்பது எது?

உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் இருக்கின்றன. எஜிப்திக்குக் குளிர் ஆகாது என்பதால் மற்றவையும் ஒதுங்கிவிடாது. சாக்கடை, தேங்கிய கழிவுநீர் பக்கம் கியூலெக்ஸ் இருக்கும். இரவில் காதருகே பாடுவது பெரும்பாலும் இதுதான். தோட்டம், மூங்கில் புதர், மரப்பொந்து உள்ள நடுத்தர உயர ஊர்களில் எஜிப்தியின் உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ் பகலில் கடிக்கும். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் காலைப் பதம் பார்க்கிறதே, அதே கறுப்பு வெள்ளைக் கொசு. ஓடையோரம், காட்டோரம் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ்.

இன்னொன்று. மலையில் "கொசு கடிச்சிருச்சு" என்று காட்டப்படும் தடிப்புகள் எல்லாமே கொசுக்கடி ஆகிவிடாது. ஓடுகிற நீரோடைகளில் வளரும் கருப்பு ஈ கடித்தால் ஒரு சொட்டு ரத்தம் நிற்கும், பிறகு நாள் கணக்கில் அரிக்கும். தேயிலைத் தோட்டத்தில் மழைக்குப் பிறகு காலில் ரத்தம் வழிந்தால் அது அட்டையின் வேலை.

மலையூர்களில் கொசுவுக்கு எது சீசன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குக் கொசுவுக்குப் பருவம் உண்டு என்பதே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். இங்கே மாதத்துக்கு மாதம் வெப்பம் ஓரிரு டிகிரிதான் மாறும், மழையும் ஆண்டு முழுக்க. மே முதல் அக்டோபர் வரை டெங்கி கூடும் என்று அறிவிப்பு வரும். மற்ற மாதங்களில் கொசு லீவு எடுத்துக்கொள்வதில்லை.

மலையில் அப்படியல்ல. வங்கி லாக்கர்போல இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒரு சாவி வெப்பம், இன்னொன்று தேங்கிய தண்ணீர். இரண்டும் ஒன்றாக வரும் மாதங்கள்தான் அந்த ஊரின் கொசுக்காலம்.

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படியும்; கொசு மிகக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும், கோடைமழையும் எட்டிப்பார்க்கும். எண்ணிக்கை மெல்ல ஏறும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெயில் போய்விடும், மழை கொட்டுகிற கொட்டில் புழுக்களும் அடித்துக்கொண்டு போகும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மழையோடு குளிரும் சேர்ந்தே வருவதால் சமவெளியில் டெங்கி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மேலே அவ்வளவு தெரிவதில்லை.

கேமரன் மலைக் கணக்கு வேறு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் ஒரே குளிர். வெப்பச் சாவி எப்போதும் பாதி திருகிய நிலையில் நிற்கிறது. மழைதான் மீதியைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு மழைக்காலங்கள். நம் பள்ளி விடுமுறைகள் இரண்டும் சரியாக அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

வால் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். கொசு மழையன்று பெருகுவதில்லை. மழை ஓய்ந்து, தண்ணீர் தேங்கி, வெயில் பட்டு, புழு வளர்ந்து வெளியே வரச் சில வாரங்கள் ஆகும். குளிர் ஊரில் அந்த இடைவெளி இன்னும் நீளும். கென்யாவின் தேயிலை மலைகளில், ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் கெரிச்சோ பகுதியில், பெருமழை மார்ச் முதல் மே வரை; மலேரியா உச்சம் தொட்டது ஜூன், ஜூலையில். "மழை நின்னுருச்சு, இனி பயமில்லை" என்று நாம் நினைக்கும் வாரங்களில்தான் கொசு கூடுகிறது.

மேலே கொசு இருந்தாலும் நோய் வராது என்கிறார்களே?

பாதி சரி. கொசு உயிரோடிருந்தால் மட்டும் போதாது, அதன் வயிற்றுக்குள் போன கிருமி வளர்ந்து எச்சில் சுரப்பிவரை போய்ச்சேர வேண்டும். அதற்கும் வெப்பம் வேண்டும். கடுமையான மலேரியாவை உண்டாக்கும் பால்சிபாரம் ஒட்டுண்ணி 25 டிகிரியில் கொசுவுக்குள் முதிர சுமார் 12 நாள் எடுக்கும். 20 டிகிரியில் கிட்டத்தட்ட நான்கு வாரம். 16 டிகிரி அளவில் வளர்ச்சி நின்றே போகும். நான்கு வாரம் பெரும்பாலான கொசுக்கள் உயிரோடு இருக்காது. டெங்கிக் கிருமியும் இப்படித்தான்: 30 டிகிரியில் ஒரு வாரம், 25 டிகிரியில் இரண்டு வாரம் என்று இழுக்கும்.

ஆகவே, கெரிச்சோ போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2,000 மீட்டரில் விழும் கடி பெரும்பாலும் அரிப்போடு முடியும். ஆனால் யாரும் ஹெலிகாப்டரில் நேராக உச்சியில் இறங்குவதில்லை.

அதென்ன, போகும் வழியில் ஆபத்தா?

ஆமாம், பலரும் கணக்கில் எடுக்காத இடம் அது. கேமரன் மலைக்குப் போகும் பேருந்து அடிவாரத்தில் தாப்பாவில் நிற்கும். ஊட்டிக்குப் போகிறவர் கோயம்புத்தூரில் இறங்கி, உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கி, மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறுவார். நுவரெலியாவுக்குப் போகிறவர் பெரும்பாலும் கொழும்பையும் கண்டியையும் தாண்டித்தான் போவார். இலங்கையில் 2017-இல் 1,80,000 பேருக்கு மேல் டெங்கி கண்ட ஆண்டில் கொழும்பு இருக்கும் மேற்கு மாகாணம்தான் அதிகம் அடிபட்டது. அதாவது, பயணத்தில் கொசு மருந்து அதிகம் தேவைப்படுவது மலையுச்சியில் அல்ல, விமான நிலையத்துக்கும் மலைக்கும் நடுவே.

இதற்கு நூறாண்டு தாண்டிய சாட்சியே இருக்கிறது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிக்கொண்டிருந்த ரொனால்டு ராஸ், 1897-இல் நீலகிரிக்கு வந்தார். ஊட்டி ஆரோக்கியமான ஊர் என்று அக்கால வெள்ளைக்காரர்கள் அங்கே போய் ஓய்வெடுப்பார்கள். ராஸ் கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் இறங்கினார். அங்கே அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி சிக்கந்தராபாத்தில் அனோபிலஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பைத்தான் பள்ளியில் படிக்கிறோம். உச்சி பத்திரமாக இருக்க, சரிவு காய்ச்சலைக் கொடுத்த கதையை யாரும் சொல்வதில்லை.

கேமரன் மலைக் காட்டுப் பாதையில் குரங்கு மலேரியா வருமாமே?

மலேசியாவில் மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018-இலிருந்து உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசு வழியாக வரும் நோலிசி மலேரியா தொடர்கிறது. அதன் ஒட்டுண்ணி ரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் உடல்நிலை சட்டென்று மோசமாகும். தானா ராத்தா கடைத்தெருவில் ஸ்ட்ராபெர்ரி வாங்குகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தாழ்வான காட்டில் முகாம் போடுகிறவர்கள், அந்தி நேரத்தில் நடக்கிறவர்கள் நீளக்கை உடுத்துங்கள், மருந்து பூசுங்கள். சிங்கப்பூருக்கு 1982-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று கொடுத்தது. அதற்குப் பிறகும், 2007-இல் இங்கே காட்டுப் பயிற்சிக்குப் போன ராணுவ வீரருக்கு இந்த நோலிசி வந்திருக்கிறது.

நாங்கள் 20-வது மாடியில் இருக்கிறோம். அதுவும் உயரம்தானே?

புக்கிட் தீமா குன்றின் உயரமே 164 மீட்டர்தான். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடம் 156 மீட்டர். அதன் உச்சிக்குப் போனாலும் தரையைவிட ஒரு டிகிரிதான் குறையும். கொசுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காற்று வேகம் கூடுவதால் மேலே கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். மின்தூக்கியிலும் படிக்கட்டிலும் அது நம்மோடு வரும். சிங்கப்பூரில் கொசுக்களுக்கு அடையாளப்பொருள் ஏற்றி விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. 21 மாடிக் கட்டடத்தின் உச்சிவரை அவை போய் முட்டையிட்டிருந்தன.

இதைவிட முக்கியமானது, கொசு கீழிருந்து ஏறி வர வேண்டிய அவசியமே இல்லை என்பது. உங்கள் மாடியிலேயே பிறக்கலாம். துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருகும் குழாய், பூந்தொட்டித் தட்டு, துளசிச் செடியின் அடித்தட்டு, சாமி அறைப் பூச்சாடி. தீபாவளிக்கு வாசலில் உருளி வைத்துப் பூ மிதக்க விடுகிறோமே, அழகுதான். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, உள்விளிம்பைத் துடைக்கவும் வேண்டும். ஏடிஸ் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரை மட்டும் கொட்டுவது பாதி வேலை.

விடுமுறையில் வீட்டைப் பூட்டும்போது என்ன செய்ய வேண்டும்?

கழிப்பறைக் கோப்பையை மூடுங்கள். குளியலறைத் தரையில் உள்ள வடிகால் துளையை மூடிவையுங்கள். வாளிகளைக் கவிழ்த்துவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை அண்டைவீட்டாரிடம் கொடுத்தால், தட்டையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். புளோக்கின் கீழே டெங்கிப் பதாகை சிவப்பாகத் தொங்கினால் அங்கே பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். கூடுதல் கவனம் தேவை. மூன்று வாரம் பூட்டிய வீட்டில் எஜிப்தி முட்டையிலிருந்து வளர்ந்து பறந்தே விடும்.

உலகம் சூடாவதால் கொசு மலையேறுகிறதா?

ஏறுகிறது. எத்தியோப்பியா, கொலம்பியா மலைப்பகுதிகளின் மலேரியாப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள்: வெப்பம் கூடிய ஆண்டுகளில் நோயாளிகள் இன்னும் உயரமான ஊர்களில் தென்பட்டார்கள், குளிர்ந்த ஆண்டுகளில் கோடு கீழே இறங்கியது. நேப்பாளத்தில் 2004-க்கு முன் டெங்கியே பதிவாகவில்லை. 2022-இல் 50,000 பேருக்கு மேல் வந்தது, 1,300, 1,400 மீட்டரில் இருக்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு அதில் நன்றாக அடிபட்டது. இதில் வெப்பத்தை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சாலை வந்தது, லாரி வந்தது, பழைய டயர் வந்தது, குழாய்த்தண்ணீர் நேரத்துக்கு வராததால் வீட்டுக்கு வீடு தொட்டி வந்தது. கொசு அவற்றோடும்தான் ஏறியது.

மனதை உறுத்தும் கதை ஹவாயில் நடக்கிறது. அந்தத் தீவுகளில் முன்பு கொசுவே இருந்ததில்லை. 1826-இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களில் வந்து இறங்கியது. அதன் வழியே பறவை மலேரியா பரவி, உள்ளூர்த் தேன்பறவைகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மிஞ்சியவை ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே, கொசு எட்டாத குளிர்க்காட்டில் ஒதுங்கின. இப்போது அந்தக் காடும் சூடாகிறது. பறவைகள் மேலே போகலாம் என்றால், மலை அதற்கு மேல் இல்லை.

2023-இல் மாவி தீவில், வொல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களை விடத் தொடங்கினார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016-இலிருந்து வீவக பேட்டைகளில் விடுவதும் அதே உத்திதான். இங்கே எஜிப்திக்கு எதிராக, அங்கே கியூலெக்ஸுக்கு எதிராக. ஆண் கொசு கடிக்காது, ஆகவே படிக்கட்டில் கூட்டமாகப் பறந்தால் பதற வேண்டாம்.

சுவிட்சர்லாந்திலுமா கொசு?

ஜூன், ஜூலையில் உண்டு. பனி உருகித் தேங்கும் குட்டைகளில் ஆண்டுக்கு ஒரே ஒரு தலைமுறையாகப் பிறக்கும் ஏடிஸ் இனங்கள் இருக்கின்றன. சில வாரங்கள்தான் வாழ்வு என்பதால் ஆவேசமாகக் கடிக்கும். நோய்ப் பயம் குறைவு.

பெரு, கென்யா போகிறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டுமா?

2,300 மீட்டருக்கு மேலே மட்டும் இருக்கப்போகிறவர்களுக்கு இந்தத் தடுப்பூசி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. குஸ்கோ 3,400 மீட்டர். ஆனால் அமேசான் பக்கம் இரண்டு நாள் இறங்கினாலே கணக்கு மாறும். அப்புறம், மருத்துவ ரீதியில் தேவையில்லை என்றாலும், இந்நோய் உள்ள நாட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். அங்கே நாட்டைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் நின்ற உயரத்தை அல்ல. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பயண மருத்துவரிடம் முன்கூட்டியே போங்கள்.

கொசுவர்த்தி கொண்டுபோகலாமா?

வேண்டாம். மலை விடுதியில் குளிருக்குச் சன்னலை அடைத்துவிட்டுத்தான் படுப்பீர்கள். மூடிய அறையில் அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. டீட், பிக்காரிடின், ஐஆர்3535 இவற்றில் ஏதாவது ஒன்று அடங்கிய பூச்சு போதும். இரண்டு மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு டீட் பூசக் கூடாது; வலைதான்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால்?

டெங்கி பொதுவாகக் கடித்த 4 முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும். மலேரியா குறைந்தது ஒரு வாரம். அதில் ஒரு வகை மாதங்கள் கழித்தும் வரும். மருத்துவரிடம் "கேமரன் மலை போனோம்" என்று மட்டும் சொன்னால் அவரும் குளிர்தானே என்று விட்டுவிடலாம். வழியில் எங்கே தங்கினீர்கள், காட்டுக்குள் போனீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும்.

காய்ச்சல் நாட்களில் வீட்டுக்குள்ளேயும் கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் அடுத்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோகும். 2008 ஜனவரியில் தேக்கா பக்கம் கிளைவ் ஸ்திரீட்டில் சிக்குன்குனியா முதன்முதலாக உள்ளூரில் பரவியபோது, வெளிநாடு போகாத ஆட்களுக்கும் வந்தது.